வரப்பில் நடக்க 'அனுமதிக் கட்டணம்' கேட்டால் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பிலிருந்து 22 பேர், அதில் 7 குழந்தைகள், பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்களுக்குப் போகிறோம். நடுவில் வயல்வெளியில் நடந்து பறவை பார்க்க ஆசை. வண்டி ஏற்பாடு செய்பவர், வயலில் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும், தலைக்கு 300 ரூபாய் தனி என்கிறார். பூநாரை (ஃபிளமிங்கோ) நிச்சயம் காட்டுவாராம். நம்பலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: நம்பாதீர்கள். சரணாலய வாசலில் டிக்கெட் உண்டு, கேமராவுக்குக் கட்டணம் உண்டு, வாங்கினால் ரசீது தருவார்கள். ஊர்ச் சாலையில் நின்று வயலைப் பார்க்க யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். வயலுக்குள் இறங்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது அந்த வயல்காரரை. "ஐயா, இந்த வரப்பு வழியா கொஞ்ச தூரம் போகலாமா" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவரே கூட வந்து எங்கே எது மேய்கிறது என்று காட்டுவார்.

இந்த 300 ரூபாய்க் கதை எங்கிருந்து வருகிறது என்றால், வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயம் என்று 1998-லேயே அறிவித்துவிட்டார்கள். அதில் ஊர்களும் பட்டா நிலங்களும் அடக்கம். 2020-இல் அந்த எல்லையைச் சுருக்கப் பார்த்து, எதிர்ப்பு வந்தது. ஆனால் சாலையோரத்தில் "இந்த வயலும் பறவைகளின் இடம், இங்கே இதைச் செய்யாதீர்கள்" என்று ஒரு பலகை வைக்க இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை. மக்களுக்குத் தெரியாத விதியை வைத்துத்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

பூநாரை என்ற ஒரு வார்த்தை போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதற்குப் பழவேற்காடு மாதிரி உப்புநீர் ஏரிக்குப் போக வேண்டும், நெல் வயலில் அது நிற்காது. இங்கே ஏரியில் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் இருக்கும், வயலில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், உண்ணிக்கொக்கு, மடையான், பனங்காடை. "நிச்சயம்" என்று சொல்லிக் கூட்டிப்போகிறவர் அதைக் காட்டியாக வேண்டுமே, அதனால் ஸ்பீக்கரில் பறவைக் குரலைப் போடுவார், கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமென்று கல் எறிவார். நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை குழந்தைகள் கையிலேயே கல்லைக் கொடுத்தார் ஒருவர். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் பறவைகளைக் காப்பாற்றும் ஊர்ப் பக்கம் போய்ச் செய்கிற வேலையா இது?

சரி, வயலுக்கு வருவோம். பயிர் நிற்கும் வயலில் இறங்கவே கூடாது. வரப்பிலும் 22 பேர் வரிசையாகப் போகாதீர்கள், ஐந்தைந்து பேராகப் போங்கள். புதிதாக அண்டை கட்டிய, அதாவது சேறு அப்பிய வரப்பு என்றால் கால் வைத்தாலே அமுங்கும், நண்டு வளை இருந்தால் அந்த இடத்தில் உடைத்துக்கொண்டு தண்ணீரும் போட்ட உரமும் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அறுவடை முடிந்த வயலில் கேட்டுவிட்டு இறங்கலாம்.

அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயணம் மார்ச்சுக்குத் தள்ளிப்போனால் ஆட்காட்டிப் பறவை முட்டையிடும் காலம் தொடங்கிவிடும். அது கூடு கட்டாது. அறுத்த தாள் நிற்கும் காய்ந்த தரையில், சில நேரம் சரளைக்கல் நடுவில், லேசாகக் குழித்து நாலு முட்டை வைக்கும். மண் நிறம், மேலே கரும்புள்ளி, காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் நல்ல படம் கிடைத்தது என்று அங்கேயே நிற்காதீர்கள். நீங்கள் நிற்கும் வரை அது முட்டைக்குத் திரும்பாது, வெயிலில் முட்டை வெந்துவிடும். முன்னால் போகாதீர்கள், பக்கவாட்டிலும் ஒதுங்காதீர்கள், வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்புங்கள். ஏற்கெனவே மிதித்து வந்த இடத்தில் முட்டை இல்லை என்பது மட்டும்தான் உறுதி. பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நேரம். வண்டிக்காரர்கள் வெயில் ஏறின பிறகு ஏரிக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள், அப்போது பாதிப் பறவை இரை தேட வெளியே போயிருக்கும். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து படாளம் கூட்டுரோட்டில் காலை ஆறரைக்குள் திரும்பி, காலையில் வயல், மாலை நாலு மணிக்கு மேல் ஏரி. ஜனவரியில் சம்பா அறுவடை ஒரு பக்கம் நடக்கும்போதே அடுத்த நெல் பட்டமான நவரைக்குச் சேடை ஓட்டுகிற, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுகிற வயலும் இருக்கும். டிராக்டரின் இரும்புச் சக்கரம் சேற்றைப் புரட்டிப்போட, இரண்டடி பின்னால் உண்ணிக்கொக்குகள் ஓடி வரும். நத்தைகுத்தி நாரை தள்ளி நின்று, நடுவில் இடைவெளி விட்ட அந்த அலகால் நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை மட்டும் உருவி எடுக்கும். இதைச் சாலையில் நின்றே பார்க்கலாம், அனுமதியும் வேண்டாம், 300 ரூபாயும் வேண்டாம். 22 பேருக்கு நாலைந்து பைனாகுலர் போதும், மாற்றி மாற்றிப் பாருங்கள். வயல் பக்கம் கழிப்பறை கிடையாது, அதனால் நெடுஞ்சாலையிலேயே ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள்.