கேட்காமல் போட்ட டிரேடு: நஷ்டத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: என் பங்குச்சந்தை புரோக்கரின் கிளை ஊழியர், என்னைக் கேட்காமலே மூன்று மாதம் ஆப்ஷன்ஸ் (வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்) டிரேடு செய்து 4 லட்சம் ரூபாய் நஷ்டமாக்கிவிட்டார். புகார் சொன்னால், “தினமும் எஸ்எம்எஸ் வந்ததே, ஏன் பேசாமல் இருந்தீர்கள்?” என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: கோர்ட்டுக்குப் போவதற்கு முன் புரோக்கருக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். தேதிவாரியாக டிரேடுகளைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஆர்டர் கொடுத்ததற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். உங்கள் கையெழுத்து, போன் பதிவு, இமெயில், எஸ்எம்எஸ், இணைய லாக் (ஆன்லைன் ஆர்டரின் பதிவு) என ஏதோவொன்றை அவர்கள் வைத்திருந்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி இது. தகராறு என்று வந்தால் நிரூபிக்கும் பொறுப்பும் புரோக்கருடையதே. “நான் சொல்லவில்லை” என்பதற்கு நீங்கள் சாட்சி தேட வேண்டாம்.

அதற்காக எஸ்எம்எஸ் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான புகார்கள் சறுக்குவது அங்கேதான். கான்ட்ராக்ட் நோட் (டிரேடு விவரம் காட்டும் ரசீது) வந்தும் மறுக்காதது, நடுவில் மார்ஜின் பணம் (டிரேடுக்கான ஈட்டுத்தொகை) போட்டது, லாபம் வந்த நாளில் பணத்தை எடுத்தது எல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகக் காட்டப்படும். மௌனத்துக்குக் காரணம் இருந்தால் (கணக்கில் வேறு மொபைல் எண் பதிவாகியிருந்தது, ஊழியர் வாட்ஸ்அப்பில் சமாதானம் சொன்னார்) அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். ஓடிபியைப் பகிர்ந்திருந்தால் மறைக்காதீர்கள். லாகின் நடந்த ஐபி முகவரிகளை (எந்த இணைய இணைப்பு என்று காட்டும் எண்கள்) கேளுங்கள். அவை கிளை அலுவலகத்தைக் காட்டினால் வழக்கு உங்கள் பக்கம் சாயும்.

பாஸ்வேர்டை இன்றே மாற்றி, எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவை முடக்கச் சொல்லுங்கள். “லெட்ஜர் சரியே” (கணக்குப் பதிவு சரி) என்று நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

புரோக்கரின் பதில் திருப்தி தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் புகார் செய்யலாம். பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள் பதிய வேண்டும். 21 நாளில் புரோக்கர் பதில் தர வேண்டும். ஆனால் செபி உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் நீதிமன்றம் அல்ல. பணம் வேண்டுமென்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற ஆன்லைன் தகராறு தீர்வுத் தளம்தான் வழி. அங்கே பதிந்ததும் ஸ்கோர்ஸ் புகார் முடிக்கப்பட்டுவிடும். முதலில் 21 நாள் சமரசப் பேச்சு. உங்களுக்குக் கட்டணம் இல்லை. அது முறிந்தால் கட்டணம் கட்டி நடுவர் விசாரணைக்குப் போகலாம். 4 லட்சத்துக்கு ஒரே நடுவர் போதும். அவர் தீர்ப்பை 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34-வது பிரிவில் கோர்ட்டில் எதிர்க்கலாம். ஆனால் கோர்ட் ஆதாரங்களை மறுபடி எடை போடாது. எனவே கான்ட்ராக்ட் நோட், லெட்ஜர், வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் நடுவரிடமே கொடுத்துவிடுங்கள். கேட்கும் தொகையில் புரோக்கரேஜையும் வரிகளையும் சேர்க்க மறக்காதீர்கள்.

கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தால் போலீசில் தனியாகப் புகார் கொடுக்கலாம். ஊழியரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியிருந்தாலும் அப்படியே. ஆனால் அந்தப் பணத்தை நிறுவனத்திடம் வசூலிப்பது மிகக் கடினம்.