டிஓசி எதற்கு, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எதற்கு?

கணினிப் பட்டப்படிப்பின் பாடங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தப் பாடங்களை நடத்திவரும் பொறியியல் கல்லூரிப் பேராசிரியை ஒருவரின் பதில்கள்.

என் மகள் கவுன்சலிங்கிற்குக் காத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதை எடுப்பது?
*– ஒரு தந்தை, விருதுநகர்*

பெயரை விட்டுவிட்டு சிலபஸைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை எடுத்துக்கொண்டால், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவை அடுக்கிச் சேமிக்கும் முறைகள்), டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் ஆகிய அஸ்திவாரப் பாடங்கள் மூன்று பிரிவிலும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸில் கம்பைலர் டிசைன் (நாம் எழுதும் புரோகிராமை எந்திரத்துக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள் பற்றிய பாடம்) கட்டாயம். ஏஐ பிரிவில் டேட்டாவை அலசுவதும் மெஷின் லேர்னிங்கும் தூக்கலாக இருக்கும். அவ்வளவுதான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நேரில் போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு ஒரு கணினி கிடைக்கிறதா, வகுப்பு முடிந்த பிறகும் லேப் திறந்திருக்குமா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். நல்ல லேபும் நிலையான ஆசிரியர்களும் உள்ள இடத்தில் ஐடி கிடைத்தால், யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனில் (டிஓசி) அரியர். வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். எந்த வேலையிலும் இதைக் கேட்கப் போவதில்லையே?
*– மாணவர், நாமக்கல்*

எனக்கு மிகப் பிடித்த பேப்பர் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கணக்கு தருகிறேன். 0, 1 என்று பைனரி எண் ஒன்று இலக்கம் இலக்கமாக வருகிறது. எத்தனை இலக்கம் வரும் என்று தெரியாது, லட்சம்கூட வரலாம். அந்த எண் 3ஆல் வகுபடுமா என்று சொல்ல வேண்டும். எண்ணை முழுதாகச் சேமிக்க இடமில்லை. முடியுமா?

முடியும். மூன்று வட்டம் போதும்: மீதி 0, மீதி 1, மீதி 2. மீதி 0-வில் தொடங்குங்கள். புதிய இலக்கம் வரும்போதெல்லாம் இப்போதைய மீதியை இரட்டிப்பாக்கி, வந்த இலக்கத்தைக் கூட்டி, 3ஆல் வகுத்த மீதிக்குப் போங்கள். 1001 என்று கொடுத்துப் பாருங்கள். மீதி 1, பிறகு 2, பிறகு 1, கடைசியில் 0. அது 9, வகுபடும். லட்சம் இலக்கம் வந்தாலும் நினைவில் வைக்க வேண்டியது இந்த மூன்றில் எதில் நிற்கிறோம் என்பதை மட்டும்தான். நீங்கள் போடும் வட்டமும் அம்புக்குறியும் இதுதான்.

இனி அடுத்த கேள்வி. ஒரு புரோகிராமில் திறந்த அடைப்புக்குறிகள் எல்லாம் சரியாக மூடப்பட்டிருக்கின்றனவா என்று இதேபோல் பார்க்க முடியுமா? எத்தனை வட்டம் போட்டாலும் அதைவிட ஆழமாக ஒருவர் அடைப்புக்குறி திறந்துவிடுவார். அங்கே ஒரு ஸ்டாக், அதாவது கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு, தேவைப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் படித்த அதே ஸ்டாக்! கம்பைலர் பேப்பரில் பார்ஸிங் (புரோகிராமின் இலக்கண அமைப்பைப் பிரித்துப் பார்ப்பது) யூனிட் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஸ்டாக்கும் போதாமல் போகும் இடத்தில் டூரிங் எந்திரம் வருகிறது. முடிவில்லாத நாடா ஒன்றில் எழுதியும் படித்தும் கணக்குப் போடும் கற்பனை எந்திரம் அது. கொடுத்த எந்தப் புரோகிராமும் ஓடி முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று எப்போதும் சரியாகச் சொல்லிவிடும் ஒரு பொதுவான முறை இருக்கவே முடியாது என்பது ஆலன் டூரிங் 1936-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிடைத்த முடிவு. அப்போது இன்று நாம் பயன்படுத்துவது போன்ற கணினி ஒன்றுகூடக் கிடையாது. பேப்பரில் யோசித்தே ஒருவர் எந்திரத்தின் எல்லையைக் கண்டுபிடித்திருக்கிறார். இதை அரியராக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கைடில் இருக்கும் பதிலை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, தினம் ஒரு கணக்குக்கு நீங்களே வட்டம் போட்டுப் பாருங்கள். 5ஆல் வகுபடும் எண்களில் தொடங்கலாம்.

புரோகிராமை ஏஐ எழுதித் தருகிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வேண்டுமா?
*– பிசிஏ மாணவி, திண்டுக்கல்*

வேண்டும். எழுதித் தந்தது சரியா என்று யார் பார்ப்பது? ஒரு லட்சம் பதிவு எண்கள் இருக்கின்றன, எது இரண்டு முறை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் புரோகிராமும் சரியான விடைதான் தரும். ஆனால் அது செய்யும் ஒப்பீடு ஏறக்குறைய 500 கோடி. பைத்தானில், ஏற்கெனவே பார்த்த எண்களை ஒரு செட்டில் (ஒரே எண்ணை இரண்டு முறை வைக்காத தொகுப்பில்) போட்டுக்கொண்டே போனால், லட்சம் முறை தேடினால் முடிந்தது. பத்து எண்ணை வைத்துச் சோதிக்கும்போது இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். வித்தியாசம் தெரிய ஹாஷிங் (ஒரு எண் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு நேராக அங்கேயே தேடும் முறை) தெரிந்திருக்க வேண்டும்.

டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் என்று படிப்பீர்கள். அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே பேப்பரில் வரும், தரவை மரம்போல் கிளைகளாக வரிசைப்படுத்தும் பி-ட்ரீயின் ஒரு வகைதான். ஒரே விஷயம் பேப்பர் பேப்பராக வேறு பெயரில் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிக்கும்போது படிப்பே ருசிக்க ஆரம்பிக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. இப்போது பிஎஸ்சி முதலாண்டு. ஆங்கிலத்தில் நடத்துவது பாதி புரியவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
*– மாணவர், செங்கம்*

விடவே கூடாது. உங்களைப் போலத் தடுமாறித் தொடங்கிய பிள்ளைகள் இறுதியாண்டில் மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலின் 11, 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகங்களை ஊரிலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். எண்முறைகள், சி++, பைத்தான், எஸ்க்யூஎல் எல்லாம் அதில் தமிழிலேயே இருக்கின்றன. முதலாண்டில் வருவதில் நிறைய அதில் வந்துவிடும். வகுப்பில் புதிதாக ஒன்று சொன்னால் அன்றிரவே அதைத் தமிழில் உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். அப்புறம் அதையே எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுங்கள். தேர்வில் அந்த நான்கு வரிதான் கைகொடுக்கும். புரியாததை வகுப்பில் தமிழிலேயே கேளுங்கள். தமிழில் பதில் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

கணினிப் படிப்பில் சேரும் பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கித் தருவது?
*– ஒரு தாய், மன்னார்குடி*

கடன் வாங்கி விலையுயர்ந்தது வாங்காதீர்கள். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, நல்ல கீபோர்டு இருந்தால் அஸ்திவாரப் பாடங்களுக்குப் போதும். 16 ஜிபி கட்டுப்படியானால் நல்லது. கேம் விளையாடுவோர் வாங்கும் தனி கிராபிக்ஸ் கார்டு முதலிரண்டு ஆண்டில் தேவைப்படாது. வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் புதிது வாங்கலாம்.