துப்பாக்கி லைசென்ஸ் ரூல்ஸ் நம்மூர்ல ரொம்ப ஓவரா இருக்கா?

கேள்வி கேட்டவரு ரெண்டு விஷயம் கேட்டிருக்காரு. அமெரிக்கா மாதிரி இங்கயும் சாதாரண ஆளுக்கு துப்பாக்கி குடுத்தா என்ன, இப்ப இருக்குற ரூல்ஸ் தேவைக்கு மேல கெடுபிடியா இல்லையா, போலீஸ் பக்கம் இருக்கவங்க சொல்லுங்கன்னு. நான் போலீஸ் கெடையாது, ஊர்க்காவல் படை. அம்பாசமுத்திரம் பக்கம், பகல்ல மோட்டார் காயில் கட்டுற கடை, டூட்டி போட்டா காக்கிய மாட்டிக்கிட்டு லத்தியோட போய் நிப்பேன், தேரு, கோயில் கொடை, எலெக்‌ஷன், நைட் ரவுண்ட்ஸ்னு ஒம்பது வருஷம் ஓடிட்டு. எங்க கையில துப்பாக்கி கெடையாது, அதனால நான் சொல்லுதத அந்த அளவுக்கு எடுத்துக்கிடுங்க.

மொத கேள்விக்கு பதில் சின்னது. வேண்டாம் சாமி. வாய்க்கா தண்ணிக்கும் வரப்புக்கும் கோயில் மொத மரியாதைக்கும் நம்மாளுக்கு வர்ற கோவத்த கிட்ட நின்னு பாத்தவன் நான். அருவான்னா ஓடித் தப்பிக்க ஒரு வழி இருக்கு, நாலு பேரு விழுந்து புடிக்க செத்த நேரம் இருக்கு. குண்டுக்கு அந்த நேரம் கெடையாது. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வேன்னு ஜெனீவாக்காரங்க 2018-ல ஒரு கணக்கு போட்டாங்க, அமெரிக்காவுல பொதுமக்கள் கையில மட்டும் சுமார் 39 கோடி துப்பாக்கி, அந்த நாட்டு ஜனத்தொகையவிட ஜாஸ்தி. அதே கணக்குல இந்தியாவுக்கு 7 கோடி சொச்சம், அதுல லைசென்ஸ் உள்ளது ஒரு கோடிகூட கெடையாது. மிச்சம் யாருகிட்ட இருக்குன்னு எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல.

ரெண்டாவது கேள்விக்கு எங்க பெரியப்பா கதையத்தான் சொல்லணும்.

அவுகளுக்கு மலையடிவாரத்துல ஏத்தன் வாழை, ஒன்றரை ஏக்கர். அவுக அப்பா காலத்துல இருந்தே ஒரு ஒத்தக்குழல் துப்பாக்கி, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய சாமான், லைசென்ஸோட. 1959 ஆயுதச் சட்டத்துலயே இதுக்கு இடம் இருக்கு, பயிர் காவலுக்குன்னு நெசமாவே தேவைப்படுறவனுக்கு இந்த மாதிரி துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்கணும்னு 13-வது பிரிவு சொல்லுது. காட்டுப்பன்னிய சுடுறதுக்கு இல்ல, சுட்டா வனத்துறை கேஸு, அது தனி. ரவை போடாம வெறும் மருந்த மட்டும் கெட்டிச்சு ராத்திரி ரெண்டு தடவ வெடிப்பாவ, அந்த சத்தத்துக்கு பன்னி ஒதுங்கிப் போவும். அவ்வளவுதான் அந்த துப்பாக்கியோட சோலி. நாப்பது வருஷத்துல ஒரு காக்கா செத்தது கெடையாது.

2024 எம்.பி. எலெக்‌ஷனுக்கு மார்ச் 16 தேதி அறிவிச்சாங்கல்லா, ரெண்டே நாள்ல ஸ்டேஷன்ல இருந்து போன். கொண்டாந்து ஒப்படைச்சிருங்க. எலெக்‌ஷன் கமிஷன் ரூல பாத்தா எல்லாரும் ஒப்படைக்கணும்னு இல்ல, ஒரு கமிட்டி உக்காந்து யாரு மேல கேஸு இருக்கு, யாரு ஜாமீன்ல இருக்கான், முன்னாடி கலவரத்துல மாட்டுனவன் யாருன்னு பாத்து அவங்ககிட்ட வாங்கணும்னுதான் இருக்கு. ஆனா நடப்புல எல்லாத்துக்கும் ஒரே போன்தான். நானே என் பைக்ல பெரியப்பாவ உக்கார வச்சு, சாக்குல சுத்துன துப்பாக்கிய அவுக மடியில குறுக்க வச்சுக்கிட்டு போனேன், வழியில பாக்கவன் எல்லாம் கரும்புக் கட்டுன்னு நெனச்சிருப்பான். ரசீது குடுத்தாங்க. அத நாலா மடிச்சு திருநீத்துப் பையில வச்சுக்கிட்டாவ.

தமிழ்நாட்டுல ஓட்டு போட்டது ஏப்ரல் 19. ஆனா நாடு பூரா ஏழு கட்டமா ஓட்டு முடிஞ்சு எண்ணுனது ஜூன் 4. நாங்க எப்பவோ ஓட்டு போட்டு விரல் மையும் அழிஞ்சிட்டு, பீகார்ல ஓட்டு முடியலன்னு பெரியப்பா துப்பாக்கி இங்க ஸ்டேஷன்ல கெடக்கு. அந்த நாள்ல பன்னிக்கு யாரு தகவல் சொன்னான்னு தெரியல, வர்ற ராத்திரிக்கு ஏழெட்டு மூடு வாழை, தோண்டி கிழங்க தின்னுட்டு தாறோட மரத்த சாச்சுட்டு போவும். டப்பாவ தட்டிப் பாத்தாவ, பட்டாசு போட்டாவ, நானும் நாலு ராத்திரி போய் படுத்தேன். கடைசியில எண்ணுனா நூத்துநாப்பது மூடு போயிருந்துச்சு.

ஜூன்ல திருப்பி வாங்கப் போனப்ப ரைட்டர் எடுத்துக் குடுத்தாரு. பெரியப்பா ஒண்ணும் பேசல, குழல் வாயில சுண்டுவிரல விட்டு சுத்தி எடுத்தாவ. விரல் முழுக்க செங்காவி நெறத்துல துரு. அத வேட்டித் தலைப்புல தொடச்சிட்டு, காட்டுன இடத்துல கையெழுத்து போட்டுட்டு, வாரேங்கய்யான்னு கும்பிட்டுட்டு வந்தாவ. எனக்குத்தான் முகம் சுண்டிட்டு.

இதுல அந்த ஸ்டேஷன்காரங்கள மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரல. எலெக்‌ஷன் நேரத்துல லைசென்ஸ் துப்பாக்கி ஒண்ணு எங்கயாவது வெடிச்சிருச்சுன்னா, ஏன் வாங்கி வைக்கலன்னு மேல இருந்து கேப்பாங்க, அந்த எஸ்.ஐ. சட்டைக்கு வந்துரும். வாங்கி வச்சதுக்கு யாரும் கேக்கமாட்டாங்க. நூத்துநாப்பது வாழைக்கு யாரு மெமோ குடுப்பா?

சரி அவங்களச் சொல்லுதேன், நான் மட்டும் என்ன யோக்கியம். மூணு வருஷம் முன்னாடி ஒரு ஊர்ல சுடலைமாடன் கொடை, பந்தோபஸ்து. ஏற்கனவே ரெண்டு தெருவுக்கு உரசல், அதனால வர்ற வண்டியெல்லாம் சோதிக்கணும்னு உத்தரவு. சாயங்காலம் ஒரு பாட்டையா சைக்கிள்ல வந்தாரு, கேரியர்ல ஈரத்துண்டுல சுத்தி ஒரு வெட்டருவா, பட்டறையில இருந்து அப்பதான் அடிச்சு வாங்கிட்டு வந்தது, மஞ்ச தடவி பிடியில பூ சுத்தி இருக்கு. நான் உடனே விடைச்சுக்கிட்டு நிறுத்துனேன். ஒம்பது அங்குல நீளம், ரெண்டு அங்குல அகலத்துக்கு மேல போனா ஆயுதம்னு எங்களுக்கு கிளாஸ்ல சொன்னது மட்டும் மண்டையில நின்னுச்சு. அதே ரூல்ல வீட்டு சாமான், விவசாய சாமானுக்கு இது பொருந்தாதுன்னு ஒரு வரி இருக்கு, ஆயுதமாவே இருந்தாலும் அரசு அறிவிச்ச ஏரியாவுலதான் அதுக்கு லைசென்ஸ் வேணும், அதெல்லாம் பொறவு நானா தேடிப் படிச்சது. பாட்டையா சண்டை போடல. "தம்பி, சாமிக்குள்ளதுய்யா"ன்னாரு. ஐயா வரட்டும் பேசிக்கிடலாம்னு வாங்கி ஜீப்புல போட்டேன்.

நடுச்சாமத்துல கொட்டு உச்சத்துக்குப் போவுது, சாமியாடுற கோமரத்தாடி வேட்டைக்குக் கெளம்புதாரு, பாத்தா அதே பாட்டையா. கையில கோயிலோட பழைய அருவா, மொன்னை, பிடி ஆடுது. வரிசையில எல்லாருக்கும் திருநீறு பூசிட்டு என் முன்னாடி வந்து நின்னாரு, எனக்கு அடிவயிறு கலங்கிட்டு. நெத்தியில அழுத்திப் பூசிட்டு அடுத்த ஆளுகிட்ட போய்ட்டாரு. அதே ராத்திரி, நான் கெத்தா நின்ன ரோட்டுக்குப் பின்னால வாய்க்காங்கரை வழியா பைக்ல வந்த ரெண்டு பயலுவள ஏட்டையா புடிச்சாரு, சீட்டைத் தூக்கிப் பாத்தா அடியில ரெண்டு வீச்சருவா, ஒண்ணுலயும் பூவும் இல்ல மஞ்சளும் இல்ல.

அதுக்காக அருவா சோதனையே வேண்டாம்னு சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில வீடு புகுந்து ஒரு ஸ்கூல் பையனயும் அவன் தங்கச்சியயும் வெட்டுனது கூடப் படிச்ச பயலுவதான. அத நெனச்சா இன்னைக்கும் செக்போஸ்ட்ல கை தானா பைய தொறக்கச் சொல்லுது. பட்டறைக்காரங்க கேமரா வைக்கணும், யாரு வாங்குனான்னு எழுதி வைக்கணும்னு போலீஸ்ல சொன்னதும் ஒரு அர்த்தத்துலதான். எங்க ஊர் ஆசாரி நோட்டு போட்டிருக்காரு, நான் பாத்தேன். கதிரருவாவும் பாளையருவாவும் வாங்குனவுக பேரா அடுக்கி இருக்கு. வெட்டப் போறவன் ஆதார் கார்டோடயா வருவான்.

இது இன்னைக்கு நேத்து கதையும் இல்ல பாத்துக்கிடுங்க. 1799 அக்டோபர்ல கயத்தாத்துல கட்டபொம்மன தூக்குல போட்ட கையோட, கம்பெனிப் படை மேஜர் பானர்மேன் கோட்டையெல்லாம் இடிக்கச் சொல்லி, ஆயுதத்த ஒப்படைக்கணும், வச்சிருந்தா மரணதண்டனைன்னு அறிவிச்சான். கொண்டுபோய் குடுத்தது பூரா பயந்த ஜனமாத்தான் இருக்கும்னு நான் நெனைக்கேன். ஏன்னா 1801 பிப்ரவரியில கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை ஜெயில உடைச்சு வெளிய வந்தாரு, ஆறே நாள்ல பாஞ்சாலங்குறிச்சி கோட்டை எந்திரிச்சு நிக்கி, உள்ள ஆளும் இருக்கு ஆயுதமும் இருக்கு. அதெல்லாம் எங்க இருந்து வந்துச்சாம்?

இப்ப புது ரூல்ஸ் பக்கம் வாங்க. 2016 விதிகள்ல துப்பாக்கி கையாளுற பயிற்சி சர்டிஃபிகேட், டாக்டர் சர்டிஃபிகேட் எல்லாம் கொண்டுவந்தாங்க, புதுசா வாங்குற ஆளுக்கு ரொம்ப நல்லது, நான் கை தட்டுவேன். 2019 திருத்தத்துல ஒரு ஆளுக்கு மூணு துப்பாக்கி வரைக்கும்னு இருந்தத ரெண்டாக்குனாங்க, கல்யாண வீட்டுல வானத்தப் பாத்து சுட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு போட்டாங்க, அதுவும் சரி. லைசென்ஸ் காலம் மூணு வருஷத்துல இருந்து அஞ்சாச்சு, அலைச்சல் கொறைஞ்சுது. ஆக சட்டத்த எழுதுனவங்க ஓரளவுக்கு யோசிச்சுத்தான் எழுதிருக்காங்க. பயிர்க்காவல்னு ஒரு பிரிவு, விவசாய சாமானுக்கு ஒரு விலக்கு, எலெக்‌ஷனுக்கு ஒரு கமிட்டி, எல்லாம் பேப்பர்ல இருக்கு. கீழ எங்ககிட்ட வரும்போது அந்த விலக்கு வரியெல்லாம் வழியில உதிர்ந்து போயி, புடி, வாங்கி வைன்னு மட்டும் வந்து சேருது. புடிக்கதுக்கு லேசா கெடைக்கிறது யாருன்னா, நோட்டுல பேரு இருக்கவனும் கூப்பிட்டா வர்றவனும்தான்.

2025 ஜனவரியில பன்னிக்குன்னே தமிழ்நாட்டுல ஒரு முடிவு எடுத்தாங்க. காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் புடிச்சு காட்டுல விடலாம், மூணுக்கு மேல வனத்துறை ஆளு சுடலாம்னு. பெரியப்பா தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவுல அரை கிலோமீட்டர்தான்.

போன தடவ ரெனிவலுக்கு இ-சேவை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ்னு நான்தான் கூட்டிட்டு அலைஞ்சேன். மூணாவது நாள் டீக்கடையில வச்சு, "போதும்ல, இதுக்கு மேல ஏலாது, குடுத்துருவோம்"ன்னாவ. துப்பாக்கியயும் லைசென்ஸயும் மொத்தமா ஒப்படைச்சாச்சு. இப்ப தோட்டத்த சுத்தி பெரியம்மாவோட பழைய சேலையா கெட்டியிருக்காவ, கலர் கலரா ஆடும், பன்னி ஒரு வாரம் யோசிச்சுது. அடுத்த தோட்டத்துக்காரன் ராத்திரி ஆனா வரப்பு ஓரமா கரண்ட் கம்பி இழுக்கான், விடியுமுன்ன சுருட்டிருதான். அது எந்த நோட்டுலயும் கெடையாது. நான் ரெண்டு தடவ சொல்லிப் பாத்துட்டேன், பெரியப்பாவ மட்டும் அந்தப் பக்கம் தண்ணி பாய்ச்சப் போவும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கிடச் சொல்லிருக்கேன்.