ஆண், பெண் இரண்டிலும் சேராத ஒருவர் எம்.பி. ஆக முடியுமா? செட்டிநாட்டில் நடக்குமா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைக்காரர். தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ சொல்லிக்கொள்ளாத நண்பர் ஒருவருக்கு அரசியல் ஆசை வந்திருக்கிறதாம். உலகத்தில் இப்படி யாராவது ஜெயித்திருக்கிறார்களா, நம்ம பக்கம் நடக்குமா என்று கேட்டிருக்கிறார்.

ஜெயித்திருக்கிறார்கள். நம்ம பக்கமும் நடக்கலாம். ஆனால் தடங்கல் ஓட்டுப் போடுகிறவர்களிடமிருந்து வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பட்டியலில் பேர் எழுதுகிறவர்களிடமிருந்துதான் வரும் என்பது என் கணிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கனடா. பிளேக் டெஜார்லே 2021-இல் எட்மன்டன் கிரீஸ்பாக் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று, அங்கே ஏற்கெனவே எம்.பி.யாக இருந்த கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத் தோற்கடித்தார். மேத்தி பழங்குடியைச் சேர்ந்தவர். ஆண்மை, பெண்மை இரண்டும் ஒருவருக்குள் கூடி இருப்பதற்கு அந்த நாட்டுப் பூர்வகுடிகள் பலரிடம் தனி இடம் உண்டு. டூ-ஸ்பிரிட் என்பார்கள். தன்னை அப்படி வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு கனடா நாடாளுமன்றத்துக்குள் போன முதல் ஆள் இவர்தான். 2025 தேர்தலில் அதே பழைய எதிராளியிடம் தோற்றுப்போனார். எல்லா எம்.பி.க்கும் நடப்பதுதான்.

எனக்கு அதிகம் பிடித்தவர் உசோமா அசாக்வாரா. இவரும் ஆண், பெண் என்ற கட்டங்களுக்குள் தன்னை அடைக்காதவர். ஆனால் எம்.பி. இல்லை, கனடாவின் மானிடோபா மாகாண சட்டமன்ற உறுப்பினர். நைஜீரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு வின்னிபெக்கில் பிறந்த பிள்ளை. கனடா தேசியக் கூடைப்பந்து அணியில் ஆடியவர், பிறகு மனநலச் செவிலியர். 2019-இல் வின்னிபெக்கின் யூனியன் ஸ்டேஷன் தொகுதியில் வென்றார். அந்த மாகாண சட்டமன்றத்துக்குள் முதன்முதலாகக் கறுப்பினத்தவர் மூன்று பேர் நுழைந்தது அந்தத் தேர்தலில்தான். அதில் இவர் ஒருவர். 2023-இல் அவர் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் துணைப் பிரதமர் பதவி, கூடவே சுகாதாரத் துறை. (அங்கே மாகாண முதல்வரையும் பிரதமர் என்றுதான் சொல்கிறார்கள், குழம்ப வேண்டாம்.) இதில் கவனிக்க வேண்டியது அந்தத் துறைதான். இந்த மாதிரி ஒருவர் வந்தால் ஏதாவது நலவாரியத்தைக் கொடுத்து ஓரமாக உட்காரவைப்பது நம்ம ஊர் வழக்கம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவரிடம் ஆஸ்பத்திரிகளைக் கொடுத்திருக்கிறார்கள். இனி அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் நெரிந்தால் அவரைத் திட்டுவார்கள். திட்டட்டுமே, மந்திரி என்றால் திட்டு வாங்கத்தானே வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் வழி போட்டுக் கொடுத்தவர் நியூசிலாந்தின் ஜார்ஜினா பேயர். அவர் திருநங்கை. தன்னைப் பெண் என்றுதான் சொன்னார், அதனால் உங்கள் நண்பர் விஷயத்தோடு அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். ஆனால் செட்டிநாட்டுக்காரர்கள் படிக்க வேண்டிய கதை இவருடையது, ஏனென்றால் இவர் ஜெயித்தது நகரத்தில் இல்லை. 1957-இல் பிறந்தவர், நியூசிலாந்தின் பூர்வகுடியான மவோரி இனம். இளமையில் வெலிங்டனில் பாலியல் தொழில் செய்தார், இரவு விடுதிகளில் ஆடினார், நடித்தார். அப்புறம் கார்ட்டர்டன் என்ற சின்ன ஊருக்குப் போய் உள்ளூர் வேலைகளில் இறங்கினார். ஊர் மன்றத்துக்குத் தேர்வானார், 1995-இல் மேயரே ஆனார். 1999-இல் வைராராப்பா தொகுதியில் தொழிற்கட்சி எம்.பி. சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள், பழமையில் ஊறின விவசாயக் குடும்பங்கள். எதிர்த்து நின்றவர் நாடறிந்த ஒலிபரப்பாளர். பேயரின் பழைய கதை எதுவும் அந்த ஊருக்குத் தெரியாததில்லை, அவரே ஒளிக்கவில்லை. குடிநீருக்கும் சாலைக்கும் யாரிடம் போனால் காரியம் ஆகும் என்று அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

2003-இல் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கும் சட்டம் அங்கே வந்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 59, ஒருவர் வாக்களிக்கவில்லை. அந்த அவையில் சொந்த அனுபவத்திலிருந்து பேச அவர் ஒருவரால்தான் முடிந்தது. அந்தப் பேச்சுக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அரசியலில் அவரை அதிகம் வதைத்தது பாலின விவகாரம் இல்லை, நிலம். 2004-இல் கடற்கரை நில உரிமைச் சட்டத்தை மவோரி மக்கள் எதிர்த்தார்கள். கொண்டுவந்தது அவருடைய சொந்தக் கட்சி. நடுவில் மாட்டிக்கொண்டு நொந்துபோனார். 2007-இல் நாடாளுமன்றத்தை விட்டு விலகினார். அப்புறம் சரியான வேலை கிடைக்கவில்லை, சிறுநீரகம் பழுதாகி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போனது. 2023 மார்ச்சில் காலமானார். முன்னோடி என்று மாலை போட்டவர்கள் யாரும் சம்பளம் போடவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தில் திருநங்கை ஷப்னம் மௌசி 2000-லேயே எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். சத்தீஸ்கரில் மது கின்னர் 2015-இல் சுயேச்சையாக நின்று ராய்கட் மேயர் ஆனார். தமிழ்நாட்டில் ரியா திருச்செங்கோட்டில் ஒன்றியக் கவுன்சிலராகவும், கங்கா 2022-இல் வேலூர் மாநகராட்சிக் கவுன்சிலராகவும் வென்றார்கள். இருவரும் தி.மு.க. திருநங்கையருக்கு ஓட்டுப் போட மக்களுக்குக் கை கூசவில்லை.

கை கூசியது வேறு இடத்தில். அதே மத்தியப் பிரதேசத்தில் கட்னி என்ற ஊரில் திருநங்கை கமலா ஜான் மேயர் தேர்தலில் ஜெயித்தார். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்த்து வழக்குப் போட, 'இவர் சட்டப்படி ஆண்' என்று சொல்லி நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மூன்றாம் பாலினத்தை ஏற்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முந்தைய சங்கதி இது. இன்றைக்கு நிலைமை மேல். ஆனாலும் நம் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு, 2023 அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தால் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இரண்டும் நல்ல விஷயம்தான். ஆனால் தன்னைப் பெண் என்று சொல்லாத உங்கள் நண்பருக்குப் பெண்களுக்கு ஒதுக்காத பொது இடங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

இதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். நகரத்தார் அல்லாதவர்களுக்கு: எங்களுக்குள் ஒரு குடும்பத்தை ஒரு புள்ளி என்று எண்ணுவோம். கல்யாணமாகி, கோயில் மாலை வந்து, பேர் பதிந்தால் புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கோயிலுக்குக் கட்டும் வரியும் அந்தக் கணக்கில்தான். என் தம்பி பிள்ளை ஆடிட்டர், கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆண், பெண் என்ற பேச்சே தனக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன, கல்யாணமும் இல்லை. போன வருடம் ஊரில் கணக்குப் பார்க்க உட்கார்ந்திருந்தபோது, கூடியிருந்த பங்காளிகளில் பாதிப் பேர் வருமான வரி நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளையிடம்தான் வந்தார்கள். வளவில் பந்திப்பாய் விரிப்பதற்குள் ஏழெட்டுப் பேருக்குப் பதில் சொல்லிவிட்டார். அப்புறம் மெதுவாக, "நானும் வரி கட்டுறேனே, எனக்குப் புள்ளி போட மாட்டீங்களா?" என்று கேட்டார். நோட்டை வைத்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்யாணம் ஆகட்டும், தன்னால விழும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை.

நாடாளுமன்ற விஷயத்தில் நாடு எங்கள் நகரத்தார் சமூகத்தைவிடத் தாராளம் என்றே சொல்வேன். மக்களவைக்கு நிற்க இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது ஆகியிருக்க வேண்டும், எந்தத் தொகுதியிலாவது வாக்காளராக இருக்க வேண்டும். ஆண் பெண் என்ற நிபந்தனையே கிடையாது. வாக்காளர் பட்டியலிலும் மூன்றாவது கட்டம் 2009-லிருந்து இருக்கிறது. சுயேச்சை என்றால் சிவகங்கைத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், 25,000 ரூபாய் டெபாசிட்.

ஆனால் எடுத்த எடுப்பில் சிவகங்கைக்கு நிற்க வேண்டாம் என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். டெபாசிட் போகும். பேயர் பண்ணின மாதிரி உள்ளூரிலிருந்து தொடங்கலாம். கவுன்சிலர் பதவிக்கு 21 வயது போதும், ஆனால் அந்த ஊர்ப் பட்டியலிலேயே பேர் இருக்க வேண்டும். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது, தேவகோட்டை நகராட்சி இருக்கவே இருக்கிறது. எந்த வார்டு பொது, எந்த வார்டு பெண்கள் என்ற பட்டியல் வந்ததும் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் பேரும் பாலினமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் திருத்திவிடட்டும்; வாக்காளர் பட்டியலில் திருத்தப் படிவம் 8 கொடுக்க வேண்டும். மனு பரிசீலனை அன்றைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான்.