ஈயக்குண்டு சுருங்கி வருதா? அச்சைச் சூடாக்குங்க

அண்ணே, தூண்டிலுக்கு வீட்டில் வார்க்கிற ஈயக்குண்டு தோல் சுருங்கி, நரம்பு கட்டுற காது பாதி நிரம்பாமல் வருது, அச்சிலேயும் ஒட்டிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. ஈயத்தில் குறை இல்லை, அச்சு குளிர்ந்திருக்கு. ஈயம் 327 டிகிரியில் உருகிடும். ஆனா குளிர்ந்த அலுமினிய அச்சைத் தொட்டதும், குழி நிரம்புறதுக்குள்ளே உறைஞ்சிடும். முதல் ஐந்தாறு குண்டைக் கணக்கில் வைக்காம சட்டியிலேயே திரும்பப் போடுங்க. அதுக்குள்ளே அச்சு சூடேறிடும்.

ஒட்டாம இருக்க எண்ணெய் தடவாதீங்க. நான் ஒருதடவை தேங்காயெண்ணெய் தடவினேன். புகை கிளம்பி, குண்டெல்லாம் ஓட்டை. மெழுகுவர்த்திச் சுடரில் குழியைக் காட்டி, மெல்லிசா கரி படிய விட்டாலே போதும்.

பினாங்கு மழையில் கவனம். அச்சிலோ, உருகின ஈயத்தில் போடுற புதுத் துண்டிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகி வெடிச்சு, ஈயம் முகத்தில் தெறிக்கும். சூடுகாட்டிக் காய வச்சுப் போடுங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஈயத்துக்காக டயர் கடையில் வாங்கின, சக்கரத்தைச் சமன் செய்யுற எடைத்துண்டில் துத்தநாகம் கலந்திருக்கலாம். அது 419 டிகிரியில்தான் உருகும். மேலே மிதக்கிறதை உடனே அள்ளி எறிங்க, கலந்துட்டா கஞ்சி மாதிரி ஆயிடும். பழைய கார் பேட்டரி ஈயம் மட்டும் வேண்டவே வேண்டாம், விஷவாயு வரும். ஈயம் உருக்கின சட்டியும் சமையலறைப் பக்கம் திரும்பக்கூடாது.