பிஎம் கிசான்: வராத தவணையும் இல்லாத பட்டாவும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிஎம் கிசான் பற்றியவை. நிலமுள்ள விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு தரும் நிதி அது: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஒரு ஏக்கர் நடவுக் கூலிக்கே காணாத தொகைதான். ஆனாலும் உரம் வாங்கும் வாரத்தில் அந்த 2,000 வராமல் போனால், வட்டிக்குக் கேட்டு அலைவது சிறு விவசாயிதான்.

தவணை அனுப்பப்பட்டுவிட்டது என்று இணையதளம் காட்டுகிறது. என் பாஸ்புக்கில் வரவில்லையே? (விருத்தாசலம்)

உங்களுக்கு வேறொரு வங்கியில் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதார் வழியாக வரும் பணம், ஆதாருடன் கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய்ச் சேரும். நகைக்கடனுக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில்கூடக் கிடக்கலாம். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்தால் மட்டும் போதாது. 'அரசு மானியம் இந்தக் கணக்கில் வர வேண்டும்' என்று தனியாக எழுதிக் கொடுங்கள்.

மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்கிறோம். எங்களுக்கு உண்டா? (திருவாரூர் மாவட்டம்)

இல்லை. எழுதவே மனம் வரவில்லை, ஆனால் விதி அப்படித்தான். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே இந்த நிதி. கோயில் ஒரு நிறுவனம் என்பதால் அதற்கும் கிடையாது. ஆக, அந்த வயலின் பெயரில் யாருக்கும் ஒரு காசும் வராது. 2019 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். அதே ஆண்டின் நடுவில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இருபது ஏக்கர்காரருக்குக் கதவைத் திறந்தவர்கள், சேற்றில் நிற்கும் குத்தகைதாரருக்குத் திறக்கவில்லை. இதை அநியாயம் என்றே சொல்வேன்.

பயிர்க் காப்பீட்டில் உங்களுக்கு இடம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவு) வாங்கி, கெடு முடியும் முன் பிரீமியம் கட்டிவிடுங்கள். குத்தகை ரசீது ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். தனியார் நிலத்தில் வாய்ப்பேச்சுக் குத்தகையில் இருப்பவர்கள், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தாலும் கிசான் நிதி வராது. ஆனால் நீங்கள்தான் உழுகிறீர்கள் என்பதற்கு ஓர் ஆவணமாவது இருக்கும்.

2022-இல் அப்பா இறந்துவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அண்ணன் தம்பி மூவரும் விண்ணப்பிக்க முடியுமா? (மணப்பாறை)

முடியும், பட்டா மாறிய பிறகு. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு நிதி இல்லை என்றாலும், உரிமையாளர் இறந்து வாரிசுகளுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் பெற்று, பாகம் பிரித்து, அவரவர் பெயருக்குப் பட்டா மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றியோ சகோதரிகளைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவர்களும் வாரிசுகள்; அவர்களை விட்டுவிட்டுப் பாகம் பிரிக்காதீர்கள். அப்பா கணக்கில் இன்னும் தவணை ஏறிக்கொண்டிருந்தால், வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சொல்லி உடனே நிறுத்துங்கள்.

கணவர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். நிலம் என் பெயரில். எனக்கு நிதி உண்டா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்)

தகுதி இல்லை. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்ததே ஒரு குடும்பம். அதில் ஒருவர் மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்கினால் கிடையாது. கடைநிலை ஊழியராக ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. ஏற்கெனவே தவணை வாங்கியிருந்தால், அதைத் திருப்பிச் செலுத்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே வழி இருக்கிறது.

கிசான் பட்டியலில் சேர்ப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு செயலி வந்தது. பதிவிறக்கலாமா? (செஞ்சி)

வேண்டவே வேண்டாம். அப்படி வரும் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து, கணக்கையே துடைத்துவிடும். 2020-இல் உங்கள் விழுப்புரம் பக்கமும் கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கமும் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். இடைத்தரகர்கள் ஆதாரை வாங்கி, நிலமே இல்லாதவர்களை விவசாயி என்று பதிந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்து, சிபிசிஐடி விசாரணை வந்தது. கையெழுத்துப் போட்ட ஏழைகளின் கணக்கிலிருந்தும் பணம் திரும்ப எடுக்கப்பட்டது. சந்தேகம் இருந்தால் பிஎம் கிசான் உதவி எண் 155261-ஐ அழையுங்கள். ஏற்கெனவே அந்தச் செயலியைத் தொட்டுப் பணம் போயிருந்தால், இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் சொல்லுங்கள்.