கேள்வி – பதில்: இன்ரறக்ட் கழகம்

கேள்வி: எமது பாடசாலையில் இன்ரறக்ட் கழகம் தொடங்கினால் றோட்டரிக் கழகத்தார் பணம் தருவார்களா? – ஓர் ஆசிரியை, மூதூர்

பதில்: பணத்தை முன்வைத்துத் தொடங்காதீர்கள், ஆசிரியை அவர்களே. 12 முதல் 18 வயது வரையான மாணவர்களுக்கான சேவைக் கழகமாக 1962இல் தோன்றிய இக்கழகத்தைப் பொறுப்பேற்க, றோட்டரி என்னும் பன்னாட்டுச் சேவை அமைப்பைச் சேர்ந்த ஒரு கழகம் வேண்டும் என்பதால், அதிபரின் இணக்கத்தோடு அருகிலுள்ள றோட்டரிக் கழகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு பணிகளையேனும் செய்யவேண்டும்; ஒன்று பாடசாலைக்கோ ஊருக்கோ உதவுவதாகவும், மற்றையது பன்னாட்டுப் புரிந்துணர்வை வளர்ப்பதாகவும் இருக்கவேண்டும் என்பது விதி. உப்புவெளிக் கடற்கரையில் நான்கு போத்தல்களைப் பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வதைவிட (அதுவும் வேண்டியதுதான்), பதினோராம் தர மாணவி ஒருத்தி, பாடசாலை விட்டபின் வேப்பமர நிழலில் அமர்ந்து, ஏழாம் தரப் பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதையே நான் முதற்பணியாகத் தெரிவுசெய்வேன். அதற்குக் கொப்பியும் பென்சிலும் போதும்.